தொடக்கூடாத காசு

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, அண்மையில் பாடசாலையை விட்டு வெளியேறித் தொழில் பார்க்கும் இளைய பழைய மாணவிகளுக்காக 2025 ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னைப் பேச அழைத்தபோது, "பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்றுதான் கேட்டார். இரத்த அழுத்தம், சீனி வருத்தம், நித்திரை என்று ஒரு பேச்சு என்னிடம் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். ஆனால் அக்காவிடம் நான் சொன்னேன்: "அக்கா, இந்த முறை வருமான வரியைப் பற்றிக் கதைக்கப் போறன்." தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டொக்டர் வரியைப் பற்றிக் கதைச்சால் ஆர் கேட்கப் போகினம்?" என்றார். கேட்க இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். பின்கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களை அவதானித்துக் கொண்டுதான் பேசுகிறேன்.

நான் கணக்காளர் அல்ல. வரி விடயத்தில் பிழை விட்டு, அதற்குக் காசு கட்டிப் படித்துக்கொண்டவள். என்னுடைய பெறாமகளும் அண்மையில் அதே பாடத்தை வேறு விதமாகப் படித்தாள். அவளும் இந்தப் பாடசாலையின் பிள்ளைதான். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "பெயரை மட்டும் சொல்லாதேங்கோ சித்தி" என்றாள். சொல்லமாட்டேன்.

அவள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 200,000 ரூபா சம்பளத்துக்கு வேலை செய்தாள். சென்ற தை மாதம் அதை விட்டுவிட்டு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யத் தொடங்கினாள். டொலரில் வரும் காசு இங்கே கிட்டத்தட்ட 250,000 ரூபா. "சித்தி, ஐம்பதாயிரம் கூட!" என்று எனக்குத்தான் முதலில் சொன்னாள். அக்கா கோயிலில் அருச்சனை செய்தா. வீட்டின் பின்பக்கக் கூரை மாற்றப்பட்டது. தம்பியின் படிப்புக்குக் காசு போனது. எல்லாம் நல்ல செலவுதான்.

புரட்டாதி மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு. அழுத்தம் பார்த்தேன், இரத்தம் பரிசோதித்தேன், தைரொயிட் பார்த்தேன். எல்லாம் சரி. "பிள்ளை, என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகுதான், "சித்தி, வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லை எண்டு எல்லாரும் சொன்னவை. இப்ப இருக்காம். நான் ஒண்டும் கட்டேல்லை. காசும் முடிஞ்சுது. அம்மாவுக்குத் தெரியாது" என்று அழுதாள்.

எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கப் பயமாக இருக்கிறது என்றாள். என்னிடம் வரும் நோயாளிகளில் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். பரிசோதனை அறிக்கையை வாங்கி, உறையைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அவர்கள் பயந்த அளவுக்கு இருக்காது. பயந்த அளவுக்கு இருந்தாலும், நேரத்தோடு பார்த்திருந்தால் மருந்து சுலபமாக இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அன்று எழுதிய கணக்கை இன்று உங்களுக்கும் சொல்கிறேன். பேனை வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த ஐம்பதாயிரம். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது உங்கள் கைக்கு வராத, ஆனால் உங்களுடையதான காசு ஒன்று இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். அதற்கு மேல் தொழில்தருநர் தன் பங்காக 12 வீதம் போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம் தொழில்தருநரே கட்டுவார். 200,000 ரூபாச் சம்பளம் முழுவதற்கும் இவை கட்டப்பட்டால், தொழில்தருநரின் பங்கு மட்டும் மாதம் 24,000 உம் 6,000 உம், மொத்தம் 30,000 ரூபா. ஒப்பந்தத்துக்குப் போன அன்றே இது நின்றுவிடும்.

அடுத்தது பணிக்கொடை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேரும். 200,000 ரூபாச் சம்பளத்துக்கு அது வருடத்துக்கு 100,000 ரூபா, மாதத்துக்கு ஏறக்குறைய 8,300. அதுவும் இனி இல்லை.

மூன்றாவது வரி. 2025 ஏப்ரல் 1 ஆம் திகதியிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மிகுதிக்கு 36 வீதம். அவளுடைய பழைய சம்பளத்துக்கு இந்தக் கணக்கின்படி மாதம் 3,000 ரூபா வரி. அதைக் கந்தோரிலேயே கழித்துத் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளச் சீட்டில் ஏ.பி.ஐ.ரி. என்று ஒரு வரி இருக்குமே, அதுதான். புதிய வருமானம் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கானது. வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக இலங்கைக்கு வந்தால், அதற்கு எவ்வளவு உழைத்தாலும் 15 வீதத்துக்கு மேல் வரி ஏறாது. அவளுடைய 30 இலட்சத்தில் 18 இலட்சத்தைக் கழித்தால் 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மிகுதி 2 இலட்சத்துக்கு 15 வீதப்படி 30,000. வருடத்துக்கு 90,000, மாதத்துக்கு 7,500 ரூபா. பழையதை விட 4,500 கூட.

இப்போது கூட்டிப் பாருங்கள். 30,000, 8,300, 4,500. மொத்தம் 42,800. ஐம்பதாயிரத்தில் மிஞ்சுவது 7,200 ரூபா. இதற்குள்தான் வீட்டு இணையக் கட்டணம், மின்சாரம், மடிக்கணினி பழுதானால் திருத்தும் செலவு எல்லாம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருடத்துக்குக் கிடைக்கும் 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் அமைய விடுமுறையையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நான் பிழை விட்டிட்டனா சித்தி?" என்று கேட்டாள். இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யலாம், புதிய தொழில்நுட்பம் பழகலாம், அடுத்த ஒப்பந்தத்தில் கூடக் கேட்கலாம். போனது பிழையல்ல. விலை தெரியாமல் போனதுதான் பிழை. தெரிந்திருந்தால் 250,000 என்று அவர்கள் சொன்னபோது 300,000 கேட்டிருப்பாள். உங்களில் யாராவது இப்போது ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், கையெழுத்து வைக்க முன்னர் இந்தக் கணக்கை உங்களுடைய எண்களோடு ஒருக்கால் செய்து பாருங்கள்.

அவள் பயந்திருந்த வரிக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து இவ்வாறு வரும் வருமானத்துக்கு வரி இல்லை என்று அவளுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2025 மார்ச் 31 வரை அப்படித்தான் இருந்தது. ஏப்ரல் 1 இலிருந்து மாறியது. கேள்விப்பட்டதை எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். மாறியதை யாரும் சொல்லவில்லை. வரிச் சட்டம் அடிக்கடி மாறும் சங்கதி. வரியில்லாத எல்லை 2020 இல் வருடத்துக்கு 30 இலட்சமாக இருந்தது. 2023 தை மாதத்திலிருந்து 12 இலட்சமானது. இப்போது 18 இலட்சம். ஐந்து வருடத்தில் மூன்று எல்லை. ஆகவே நான் இன்று சொல்லும் எண்களையும் இந்த மலரில் வாசித்து நாலு வருடத்துக்குப் பிறகு அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு சித்திரையிலும் புதிதாகப் பாருங்கள்.

வருடத்துக்கு 90,000 என்றால், முதல் தவணை 22,500 ரூபா. ஓகஸ்ட் 15 இல் கட்டியிருக்க வேண்டியது. ஒரு மாதம் பிந்திவிட்டது, கொஞ்சம் வட்டி சேரும். அவ்வளவுதான். நித்திரை இல்லாத அந்தப் பிள்ளை மனதுக்குள் எவ்வளவு என்று நினைத்திருந்தாள் தெரியுமா? ஏழெட்டு இலட்சம். அந்தக் கிழமையே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பிராந்தியக் காரியாலயத்துக்கு இருவரும் போனோம். கோப்புத் திறந்தாகிவிட்டது, காசும் கட்டியாகிவிட்டது. அங்கே இருந்த உத்தியோகத்தர், தானாக வந்தது நல்லது என்று சொல்லி, படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்டினார். தலையிடிக்கு நான் ஒரு குளிசையும் கொடுக்கவில்லை.

இனி என் கதை. இது அவளுடையதைப் போல நன்றாக முடியவில்லை.

நான் அரச சேவையில் பல வருடம் இருந்தேன். பிறகு ஒரு தனியார் வைத்தியசாலையில் சம்பளத்துக்கு. 2023 சித்திரையில், சம்பளத்தை விட்டுவிட்டு, பார்க்கும் நோயாளிகளுக்கு ஏற்பக் கட்டணம் பெறும் முறைக்கு மாறினேன். பிள்ளைகள் பாடசாலையால் வரும் நேரம் வீட்டில் நிற்கலாம் என்பதுதான் காரணம். மாதம் ஏறக்குறைய 300,000 ரூபா வந்தது. அதில் 5 வீதம், அதாவது 15,000 ரூபா கழிக்கப்பட்டது. நிறுத்திவைத்தல் வரி என்பார்கள். மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் கட்டணம் பெறும் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, விரிவுரையாளர், மென்பொருள் செய்பவர் போன்ற சுயாதீனமானவர்களுக்கு, காசு கொடுக்கும் நிறுவனம் கழித்துக் கட்ட வேண்டியது.

நான் என்ன நினைத்தேன்? வரி வெட்டியாகிவிட்டது, என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். மருத்துவம் படித்தவள், பரீட்சையில் எத்தனை வினாத்தாள் எழுதியவள், ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த 5 வீதம் முற்பணம் மட்டுமே. சம்பளக்காரருக்குக் கழிப்பதைப் போல முழுக்கணக்கும் அதில் முடிவதில்லை.

அடுத்த வருடம் புரட்டாதியில் ஒரு கணக்காளரிடம் போனேன். அப்போதைய சட்டப்படி எல்லை 12 இலட்சம். அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறும். 36 இலட்சத்தில் 12 ஐக் கழித்து 24 இலட்சத்துக்கு வரி 420,000 ரூபா. கழிக்கப்பட்டது 180,000. இன்னும் 240,000 கட்ட வேண்டும். தவணைகள் பிந்தியதற்கு வட்டி வேறு. "செலவுகளுக்குப் பற்றுச்சீட்டு இருக்கோ அம்மா?" என்று கேட்டார். தொழிலுக்காக வாங்கிய கருவிகள், வருடாந்தக் கட்டணங்கள், எதற்கும் ஒரு துண்டுகூட நான் வைத்திருக்கவில்லை. இருந்திருந்தால் வரி குறைந்திருக்கும்.

கல்யாணத்துக்கு அம்மா போட்ட காப்பில் இரண்டை அடகு வைத்தேன். கணவரிடம் சொல்ல மூன்று நாள் எடுத்தது. அடகுக் கடையில் வரிசையில் நின்றபோது, என் நோயாளி ஒருவர், "டொக்டரும் இஞ்சையோ?" என்றார். சிரித்துவிட்டு நின்றேன். வரியை விட அந்தக் கேள்விதான் எனக்கு நோவாக இருந்தது.

அன்று இரவு என் அம்மாவை நினைத்தேன். 1995 ஐப்பசி முடிவில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினான்கு வயது. நடக்கத் தொடங்குவதற்கு முன் அம்மா வீட்டில் இருந்த காசையெல்லாம் பிரித்து, பழைய சேலைத் துணியில் மூன்று முடிச்சாகக் கட்டினா. "இது சாப்பாட்டுக்கு. இது போக்குவரத்துக்கு. இது தொடக்கூடாத காசு." மூன்றாவது முடிச்சு எதற்கென்று கேட்டேன். "நாளைக்கு ஆரும் கேட்டால் குடுக்க வேணும்" என்றா. தென்மராட்சியில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரருக்கு வாடகையாக அதுதான் போனது. அவர் கேட்காமலே அம்மா கொடுத்தா. எங்களுக்குப் பசித்த நாளிலும் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

அம்மா ஏழாம் வகுப்புத்தான் படித்தவ. வைத்தியராகிய எனக்குத் தெரியாமல் போனது அவவுக்குத் தெரிந்திருந்தது. கைக்கு வந்த காசு முழுவதும் தன்னுடையதல்ல என்பது.

தங்கைமாரே, நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்ததும் அதுதான். சம்பளக்காரியாக இருக்கும்வரை, மற்றவர்களுக்கு உரிய பங்கை வேறொருவர் பிரித்துவிட்டு மிச்சத்தைத்தான் உங்களிடம் தருகிறார். சுயமாகத் தொழில் செய்யத் தொடங்கினால், பிரிக்கும் வேலை உங்களுடையது. அதைக் காசு வந்த அன்றே செய்ய வேண்டும். மாத முடிவில் மிச்சத்தைப் பிரிப்போம் என்றால், மிச்சம் என்று ஒன்று இருக்காது.

எப்படிச் செய்வது என்று நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

முதலாவது, 18 வயது நிரம்பிய எல்லோரும் இப்போது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுக்க வேண்டும். 'ரின்' நம்பர் எடுத்தால் வரி கட்ட வேண்டிவரும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. இலக்கம் எடுப்பதால் வரி வராது. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி.

இரண்டாவது, வங்கியில் இன்னொரு கணக்குத் திறவுங்கள். ஏ.ரி.எம். அட்டை எடுக்காதீர்கள். காசு வந்த அன்றே ஒரு பங்கை அதற்கு மாற்றுங்கள். எவ்வளவு? மாதம் 250,000 உழைத்தால் வரி ஏறக்குறைய 3 வீதம்தான். ஆனால் உள்ளூரில் மாதம் 500,000 உழைத்தால் வருடத்துக்கு 1,032,000 ரூபா வரி, அதாவது 17 வீதம். வருமானம் இரண்டு மடங்கானால் வரி பத்து மடங்குக்கு மேல். ஆகவே வருமானம் கூடும்போது பழைய பங்கையே வைத்திருக்காதீர்கள். கணக்குத் தெரியும்வரை பத்தில் ஒன்றாவது ஒதுக்குங்கள். கூடினால் கணக்காளரைக் கேட்டுக் கூட்டுங்கள்.

மூன்றாவது, திகதிகள். எங்கள் வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிகுதி செப்டெம்பர் 30 இல். வருமான விபரத்திரட்டு நவம்பர் 30 இல். பிள்ளைகளின் தடுப்பூசித் திகதியைப் போலக் கலண்டரில் எழுதிவையுங்கள்.

நான்காவது, பற்றுச்சீட்டு. வருமானத்தை உழைப்பதற்காகச் செய்த செலவைக் கழிக்கலாம். இணையக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு, மென்பொருள் சந்தா, கணக்காளர் கட்டணம். மடிக்கணினியின் விலையை ஒரே வருடத்தில் கழிக்காமல் சில வருடங்களுக்குப் பிரித்துக் கழிப்பார்கள். வீட்டுச் சாப்பாட்டையும் கல்யாணச் சேலையையும் சேர்க்க வேண்டாம். ஒரு உறையில் மாதம் மாதமாகப் போட்டுவைத்தாலே போதும். உங்களிடம் 5 வீதம் கழிக்கிறார்கள் என்றால், கழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது காசு. சிலருக்குக் கழித்தது கூடிப்போயிருக்கும். சான்றிதழ் இருந்தால்தான் அதைத் திருப்பிக் கேட்கலாம்.

ஐந்தாவது, வெளிநாட்டுக் காசு வங்கி ஊடாகவே வரட்டும். உண்டியலில் வந்தால் 15 வீத எல்லையின் சலுகை கிடையாது. நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ வீசாவுக்கோ வருமானத்தைக் காட்டவும் வழி இருக்காது. உங்கள் பெயரில் ஒழுங்கான வரிக்கோப்பு இருந்தால், அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோ இல்லாமல் வங்கி முகாமையாளருக்கு முன்னால் போய் இருக்கலாம்.

ஆறாவதை ஒரு வைத்தியராகச் சொல்கிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு 84 நாள் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தக்காரிக்கு அது இல்லை. பிரசவத்துக்கு வந்த கட்டிலில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். பத்தாம் நாளே வேலைக்குத் திரும்பி, பால் கொடுக்க நேரமில்லாமல், காய்ச்சலோடு வந்தவளையும் கண்டிருக்கிறேன். சோம்பலோ பேராசையோ காரணமல்ல. மூன்று மாதம் வருமானம் இல்லாமல் இருக்க அவர்களிடம் காசு இருக்கவில்லை. ஆகவே வரிப்பங்கோடு இன்னொரு பங்கும் ஒதுக்குங்கள். முதலில் மூன்று மாதச் செலவுக்கான காசு. பிறகு உங்கள் சேமலாப நிதிக்குப் பதிலாக முதுமைக்கு ஒரு தொகை. ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சுயதொழில் செய்பவர்களும் சேரலாம், விசாரித்துப் பாருங்கள்.

வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை. சட்டம் வேறு, பொறி ஒன்றுதான். இலண்டனில் இருப்பவர்கள், வரி வருடம் ஏப்ரல் 5 இல் முடிகிறது, சுயதொழில் தொடங்கினால் அந்த வரி வருடம் முடிந்த பின் வரும் ஒக்ரோபர் 5 க்கு முன் பதிய வேண்டும், ஜனவரி 31 இல் கட்ட வேண்டும். முதல் தடவை ஒரு அதிர்ச்சி இருக்கிறது. வரி 1,000 பவுண்ஸுக்கு மேல் இருந்து, பெரும்பகுதி ஏற்கெனவே கழிக்கப்படாதிருந்தால், அந்த வருட வரியோடு அடுத்த வருடத்துக்கான முற்பணமாக அதில் பாதியையும் அதே நாளில் கேட்பார்கள். மற்றப் பாதி ஜூலை 31 இல். கனடாவில் சுயதொழிலாளர் விபரத்திரட்டு அனுப்ப ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் காசு ஏப்ரல் 30 இலேயே கட்ட வேண்டும். ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழில்தருநரின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். அவுஸ்திரேலியாவில் வருடம் ஜூன் 30 இல் முடியும். சுயமாகத் தொழில் செய்பவருக்கு ஓய்வுகால நிதியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. "எங்கட வரிக்காசு எங்கை போகுதோ" என்று நாங்கள் எல்லோரும் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் கேட்கிறேன். ஆனால் இந்த மண்டபத்தில் நின்று கேட்கும்போது எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இலங்கையில் வருமான வரி 1932 இல் வந்தது. எங்கள் சங்கத்துக்கு அப்போது ஏழு வயது. இலவசக் கல்வி 1945 இல் வந்தது. குப்பி விளக்கில் படித்த எனக்குப் பாடப்புத்தகமும், பிறகு மருத்துவப் படிப்பும் காசில்லாமல் கிடைத்தன. அந்தக் காசை யாரோ முகம் தெரியாதவர்கள் கட்டினார்கள். அவர்களில் ஒருவராவது பற்றுச்சீட்டை ஒழுங்காக வைத்திருந்திருப்பார்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். எங்கள் பழைய மாணவிகளில் கணக்காளர்கள் இருக்கிறார்கள், வங்கியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிளையிலும் வருடத்தில் ஒரு சனிக்கிழமை, சித்திரைக்குப் பிறகு, தங்கைமார் தங்கள் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் கொண்டுவந்து ஒரு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு நாள் வையுங்கள். தேத்தண்ணிச் செலவு என்னுடையது. பாடசாலையில் விளங்காத கணக்கை மேசைக்கு மேசை போய்க் கேட்டோம். வளர்ந்த பிறகு கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்?

பெறாமகள் இப்போது நன்றாக நித்திரை கொள்கிறாள். நவம்பர் 15 தவணையை நேரத்துக்கு முதலே கட்டிவிட்டு எனக்குப் பற்றுச்சீட்டின் படம் அனுப்பியிருந்தாள். கீழே இரண்டு சொல் எழுதியிருந்தாள்: "முடிச்சு பத்திரம்." அம்மம்மாவின் கதையை நான்தான் அவளுக்குச் சொன்னேன். என் காப்பு இரண்டையும் நான் சென்ற தைப்பொங்கலுக்கு மீட்டுவிட்டேன். இன்று போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.